மேஜரின் தோல்வி விருந்து

1

ஊரில் தேர்தலில் தோற்றவர் வீட்டு வாசலில் அடுத்த நாள் ஒரு செருப்புக்கூடக் கிடக்காது. லண்டனிலும் அப்படித்தான். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு மனிதர் மட்டும் தான் தோற்ற நாளை வருடந்தோறும் விருந்து வைத்துக் கொண்டாடுகிறார். பிரித்தானிய இராணுவத்தில் மேஜராக இருந்து, பிறகு எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எட்வின் ஹாலோவே. இன்றைக்கும் எல்லோரும் அவரை மேஜர் என்றுதான் கூப்பிடுகிறோம். எண்பதைத் தாண்டிவிட்டார். நான் அவருடைய அலுவலகத்தில் பல வருடங்கள் வேலை செய்தவள்.

விருந்து தெற்கு லண்டனில், டூட்டிங்கில், தேவன் அண்ணையின் சாப்பாட்டுக் கடையில் நடக்கும். தேவன் அண்ணை என் கணவர் ரவிக்கு ஒன்றுவிட்ட தமையன். தோற்ற அன்று மேஜருடன் நின்ற நாங்கள் சிலர்தான் வழக்கமான விருந்தாளிகள். ஒவ்வொரு வருடமும் நாள் நெருங்கியதும் மேஜர் தொலைபேசி எடுத்து, இடியப்பம் உண்டா என்று கேட்பார். உண்டு என்பது அவருக்கும் தெரியும்.

இந்த வருடம் இடியப்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"கொஞ்சம் பெரிய மேசையாகச் சொல்லுங்கள், கௌரி. ரூத்தையும் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன்" என்றார்.

ஹரோவில், எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்று கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். ரூத் பெல்லமி என்பவர் வழக்கறிஞர். மேஜரைத் தோற்கடித்து அந்த இருக்கையில் இருந்தவர் அவர்தான். சென்ற தேர்தலில் அவரும் தோற்றுப்போனார்.

"அவவை எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். குரலில் இருந்த கசப்பை மறைக்க முடியவில்லை.

"இப்போது அவரும் தகுதி பெற்றுவிட்டார் அல்லவா?" என்றார் மேஜர்.

தொலைபேசியை வைத்ததும் ரவியிடம் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையை ஊதிக்கொண்டே, "மனுசன் சரியாத்தான் சொல்லுறார். தோத்தவைக்கு எண்டு ஒரு சங்கம் இருந்தா அதில ஆள் சேரத்தானே வேணும்" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் பகிடிதான். அவவின்ர நம்பர் ஆரிட்ட இருக்கெண்டு தெரியும்தானே?"

ரவி கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்குத் தெரியும். நம்பர் எங்கள் மகன் அகிலனிடம் இருந்தது.

2

மேஜரை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு நோயாளியாகத்தான். அதாவது, அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன்.

நாங்கள் இலங்கையிலிருந்து வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அகிலன் அப்போது தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை. அவனுக்கு இங்கே தங்குவதற்கான அனுமதி கேட்டு எழுதியிருந்தோம். ஒரு அலுவலகத்திலிருந்து மறுபடியும் மறுபடியும் ஒரே கேள்வி வந்தது: இந்தப் பிள்ளையின் பெற்றோர் யார்? என் பெயருக்குப் பின்னால் என் தகப்பனாரின் பெயர். ரவியின் பெயருக்குப் பின்னால் அவருடைய தகப்பனாரின் பெயர். பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ரவியின் பெயர். ஊரில் இதைவிடத் தெளிவான ஒழுங்கு கிடையாது. இங்கேயோ ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள்; மூன்று பேரும் ஒருவருக்கொருவர் அந்நியர். நான் என் தகப்பனையே கட்டியிருக்கிறேன் என்றுகூட ஒரு தடவை பதிவாகியிருந்தது.

பக்கத்து வீட்டில் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட சரோஜா அக்கா இருந்தார். "இதுக்கெல்லாம் ஏன் அழுவுறே? சனிக்கிழமை எம்.பி.யோட சர்ஜரிக்குப் போய்ச் சொல்லு" என்றார். எனக்குத் தெரிந்த சர்ஜரி, டாக்டர் இருக்கிற இடம். எம்.பி. டாக்டராகவும் இருப்பார் போலும் என்று எண்ணி, பிள்ளையின் ஊசி அட்டை, இருமல் மருந்துப் போத்தல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். நூலகத்தின் பின் அறையில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் முதுகு நிமிர்ந்த உயரமான மனிதர். நான் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்து, வாசித்து, "இருமல் எத்தனை நாளாக இருக்கிறது?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். நான் சொன்னேன், அவர் கேட்டார். கடைசியில்தான் பிள்ளையின் அனுமதி விஷயம் வந்தது. தொகுதி மக்களைச் சந்திக்கும் நேரத்துக்குத்தான் இங்கே சர்ஜரி என்று பெயர் என்பதைப் பக்கத்தில் இருந்த உதவியாளர் மெதுவாக விளக்கினார். மேஜர் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்திருக்க வேண்டும்.

ஆனால் அப்போதுதான் அந்த உதவியாளர் அவரை "மேஜர்" என்று கூப்பிட்டார்.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். சாவகச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் விடியற்காலையில் இராணுவச் சப்பாத்துக் கால்கள் வந்து போயிருக்கின்றன. அலுமாரியைக் கவிழ்த்ததும், அரிசிச் சாக்கைக் குத்திக் கொட்டியதும், என் அண்ணையை முற்றத்தில் முழந்தாளில் இருத்தியதும் எனக்கு மறக்கிற விஷயங்கள் அல்ல.

"நீங்கள் ஆர்மியா?" என்று கேட்டேன்.

"இருந்தேன்."

"வீடுகளுக்குள் போய்த் தேடியிருக்கிறீர்களா?"

உதவியாளர் என்னை வெளியே அனுப்ப எழுந்தார். மேஜர் கையால் அவரை இருக்கச் சொன்னார்.

"தேடியிருக்கிறேன்" என்றார். "ஒரு ஊரில், ஒரு விடியற்காலை. கதவை உடைத்துத்தான் போனோம். உள்ளே ஒரு பெண் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வீடு முழுவதையும் புரட்டிப் பார்த்தோம். அவள் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கவில்லை. பிள்ளை குடித்து முடிக்கும்வரை அப்படியே இருந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. மன்னிக்கவும் என்று சொன்னேன். அதற்கும் அவள் பார்க்கவில்லை."

அந்த ஊரின் பெயரை அன்றும் அவர் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை.

என் வாழ்க்கையில் எந்த இராணுவக்காரரும் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. திரும்ப உட்கார்ந்தேன். ஆவணங்களைத் தேடிப் பையைக் கிளறியபோது அகிலன் மடியிலிருந்து வழுகினான். மேஜர் இரண்டு கைகளையும் நீட்டினார். நான் பிள்ளையைக் கொடுத்தேன்.

3

மேஜரின் பழைய கதை, நேர்காணல் போலக் கேட்டு எழுதியதல்ல. வருடக்கணக்காக ஒரே அலுவலகத்தில் தேநீர் குடித்ததில் துண்டு துண்டாகத் தெரிய வந்தது.

மேஜர் பிரபு வீட்டுப் பிள்ளை அல்ல. வடக்கே ஒரு ஆலை நகரத்தில், பஸ் ஓட்டுநரின் மகன். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு படையில் சேர்ந்தார். "வீட்டில் ஐந்து பேருக்கு ஒரு படுக்கையறை. படையில் எனக்கென்று ஒரு கட்டில் தந்தார்கள்" என்பார். அதிகாரியாகித் தேசம் தேசமாகப் போனார். மார்கரெட் என்ற ஆஸ்பத்திரித் தாதியைக் கட்டினார். அந்த விடியற்காலைக்குப் பிறகும் சில வருடங்கள் சேவையில் இருந்தார். பதவி உயர்வும் வாங்கினார். பிறகு ஒரு நாள் விலகிவிட்டார். வீடற்றவர்களுக்குத் தங்குமிடம் பார்த்துக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தை நடத்தினார். அதற்காக உள்ளூராட்சிக் கவுன்சில் வாசலில் நின்று நின்று அலுத்துப்போய், "வெளியே நின்று கதவைத் தட்டுவதைவிட உள்ளே போய்த் திறப்பது சுலபம்" என்று அரசியலுக்கு வந்தார். எந்தக் கட்சி என்று நான் எழுதவில்லை. எழுதினால் பாதிப் பேர் இத்துடன் வாசிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

அகிலனின் அனுமதி கிடைத்த கிழமை, நன்றி சொல்ல வடை சுட்டுக்கொண்டு போனேன். தொலைபேசியில் ஒரு தமிழ் அம்மா அழுதுகொண்டிருந்தார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மேஜர் என்னைப் பார்த்தார். நான் வாங்கிக் கதைத்தேன். அடுத்த கிழமையும் வரச் சொன்னார். பிறகு அதுவே வேலையாகிவிட்டது. மக்களின் முறைப்பாடுகளை எடுத்து, அந்தந்த அலுவலகங்களோடு மல்லுக்கட்டும் வேலை. பூஞ்சை பிடித்த கவுன்சில் வீடுகள், நின்றுபோன அரசு உதவிப் பணம், எங்கேயோ தொலைந்துவிட்ட பாஸ்போர்ட்டுகள், பெயர் முன்னும் பின்னும் மாறிப்போன என்னைப் போன்றவர்கள்.

படை அவரிடம் விட்டுப்போன சில பழக்கங்கள் எங்களைப் பாடுபடுத்தின. கூட்டம் பத்து மணிக்கு என்றால் அவர் ஒன்பதே முக்காலுக்கு வாசலில் நிற்பார். கோபம் வந்தால் குரலைக் குறைப்பார். அது கத்துவதைவிடப் பயமாக இருக்கும். எங்கள் ஆட்களுடைய நேரம் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒரு தமிழ்க் கலைவிழாவுக்குச் சரியான நேரத்துக்குப் போய், மண்டபத்தில் கதிரை அடுக்குகிற ஆட்களோடு சேர்ந்து தானும் கதிரை அடுக்கிவிட்டு வந்தார். "நல்ல விழா. ஆனால் நிகழ்ச்சிகள் குறைவு" என்றார்.

மார்கரெட் இறந்தபோது அவர் சரியாக ஒரு கிழமை விடுப்பு எடுத்தார். திரும்பி வந்த அன்று காலை ஒரு குடும்பத்தை வீட்டிலிருந்து வெளியேற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. கறுப்புக் கழுத்துப்பட்டியோடு போய் அந்த வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். அதிகாரிகள் திரும்பிப் போனார்கள்.

4

அவருடைய கட்சி ஆட்சியில் இருந்த காலம். இன்னொரு நாட்டுக்குப் படை அனுப்ப வேண்டும் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. முன்னாள் மேஜர் முதல் ஆளாகக் கை தூக்குவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கட்சியிலிருந்து ஆள் மாறி ஆள் அழைத்தார்கள். உதவி அமைச்சர் பதவி என்றுகூடப் பேச்சு அடிபட்டது.

மேஜர் எதிர்த்து வாக்களித்தார். அன்று பிற்பகல் அலுவலகத்துக்கு வந்து, மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்து தேநீர் கேட்டார்.

"ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்களா?" என்றேன்.

"கேட்டார்கள். அங்கேயும் யாரோ ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று சொன்னேன். அவர்களுக்கு விளங்கவில்லை."

அடுத்த தேர்தலில் அவருக்காகக் கதவு தட்ட ஆள் இல்லை. வழக்கமாக வரும் கட்சிக்காரர்களுக்கு முதுகுவலியும் குடும்ப விசேஷங்களும் ஒரே நேரத்தில் வந்தன. நாங்கள் ஏழெட்டுப் பேர் மழைக்குள் நடந்தோம்.

அகிலன் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஆங்கிலம்தான் பேசுவான். அதில் "அம்மா" மட்டும் தமிழ்; மற்றதை நான்தான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். ஒரு நாள் எதிர்த்தரப்பு வேட்பாளர் ரூத் பெல்லமிக்காக வேலை செய்வதாகச் சொன்னான். சரி, அது அவனுடைய விருப்பம் என்று விட்டேன். பிறகு தமிழர் வீடுகளுக்கெல்லாம் ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. மேலே சீருடையில் இளவயது மேஜரின் படம். கீழே நல்ல தமிழில் ஒரே ஒரு வரி: "சீருடை போட்டவரை நீங்கள் நம்புவீர்களா?"

நான் அதை மேசையில் போட்டேன். அகிலன் மறைக்கவில்லை.

"நான்தான் எழுதினேன், அம்மா. சாட்டர்டே ஸ்கூல் தமிழ்."

"அவர் ஆரெண்டு உனக்குத் தெரியாதோ? நீ இந்த நாட்டில இருக்கிறதே அவரால!"

"தெரியும். ஆனா டிவியில சோல்ஜர் வந்தா சேனல் மாத்துறது யார்? நீங்கதானே அம்மா. இது நியாயமான கேள்வி."

மறுநாள் மேஜர் அந்தத் தாளை எடுத்து வந்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். யார் எழுதியது என்பதையும் சொன்னேன். அவர் தன் பழைய படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நியாயமான கேள்விதான்" என்றார்.

இருவரும் ஒரே சொல்லைச் சொன்னால் நான் யாரோடு சண்டை பிடிப்பது?

படை அனுப்ப வேண்டாம் என்றதற்காகச் சொந்தக் கட்சிக்காரர் அவருக்கு உழைக்கவில்லை. படையில் இருந்தவர் என்பதற்காக எங்கள் சனம் அவருக்கு வாக்குப் போடவில்லை. முடிவு அறிவித்தபோது விடிந்துகொண்டிருந்தது. வாக்கு எண்ணிய விளையாட்டு மண்டபத்தின் மறுபக்கத்தில் ரூத்தின் ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள். அவர்களுக்கு நடுவே கையை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்த அகிலன், என்னைக் கண்டதும் கையைக் கீழே விட்டான். நான் முகத்தைத் திருப்பவில்லை, சிரிக்கவும் இல்லை. மேஜர் மேடையில் ரூத்தின் கையைக் குலுக்கிவிட்டு இறங்கி வந்தார்.

"எனக்குப் பசிக்கிறது. என்னை யாருக்கும் தெரியாத இடமாகப் பாருங்கள்" என்றார்.

ரவி எல்லோரையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு லண்டனின் மறு முனைக்கு ஓட்டினார். தேவன் அண்ணை அப்போதுதான் கடை திறந்திருந்தார். இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வந்தன. மேஜர் கரண்டியை ஒதுக்கிவிட்டு எங்களைப் பார்த்துக் கையால் சாப்பிட்டார். மூன்றாவது தடவை சொதி கேட்டபோது, "இதை வருடாவருடம் செய்யலாமே" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

அகிலன் அந்தக் கோடையில் வேலை கிடைத்து வீட்டை விட்டுப் போனான். சண்டை என்று ஒன்றும் இல்லை. பிறந்த நாள், தீபாவளி, பொங்கலுக்கு வருவான். காலநிலை, வேலை, சாப்பாடு எல்லாம் கதைப்போம். அந்த ஒரு வரியை மட்டும் இருவரும் தொடவே இல்லை.

5

அகிலனுக்கு அழைப்பெடுத்தேன். இப்போது வடக்கு லண்டனில், எட்மண்டனில் இருக்கிறான்.

"ரூத்தின்ர நம்பர் வேணும். மேஜர் சாப்பிடக் கூப்பிடுறார்."

"நான் கூட்டிட்டு வரட்டுமா அம்மா?" என்றான். நான் எதிர்பார்க்காத கேள்வி.

"வா. இடம் இருக்கு" என்றேன்.

விருந்தன்று ரூத் வந்ததைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. தொலைக்காட்சியில் பார்த்த மிடுக்கு இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். மேஜர் கைத்தடியை ஊன்றி எழுந்து, அவருக்குத் தன் பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டார்.

"தோற்ற முதல் கிழமை எத்தனை பேர் அழைத்தார்கள்?" என்று கேட்டார்.

ரூத் கொஞ்சம் யோசித்தார். "என் தங்கை" என்றார்.

மேசையில் எல்லோரும் சிரித்தோம். ரூத்தும் சிரித்தார். பிறகுதான் நேராக உட்கார்ந்தார். சம்பலைத் தொட்டுச் சாப்பிட்டபடியே தான் விட்டுவந்த வேலைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஒரு தமிழ்க் குடும்பத்தின் முறைப்பாடு பாதியில் நிற்கிறதாம். தாயின் பெயரும் பிள்ளையின் பெயரும் பொருந்தவில்லையாம். புதிதாக வந்தவர் அதை எடுப்பாரோ தெரியாது, அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை என்றார்.

நான் இவ்வளவு வருடமும் இந்தப் பெண்ணை மனதுக்குள் திட்டி வந்திருக்கிறேன். திட்டும்போது அவருக்கும் ஒரு அலுவலகம் இருக்கும், அங்கே என்னைப் போல ஒருத்தி அழுகிற தாயோடு கதைத்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியதே இல்லை. "அந்த அம்மாவை எனக்கு அழைப்பெடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பெயர்க் குழப்பத்தை நான் இன்று நேற்றாகப் பார்க்கவில்லை" என்றேன். ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அகிலன் மேசையின் மறுபுறத்தில் சாப்பிடாமல் இருந்தான். பிறகு மேஜரைப் பார்த்துச் சொன்னான்:

"சார், அந்தத் தமிழ் வரியை எழுதியது நான்."

"தெரியும். நன்றாகச் சுருக்கி எழுதியிருந்தாய். என் பிரசுரம் நாலு பக்கம். நானே முழுதும் வாசிக்கவில்லை."

அகிலன் சிரிக்கவில்லை. "நீங்கள் அதற்குப் பதில் சொல்லவே இல்லை."

"யாரும் வந்து கேட்கவில்லையே."

"இப்போது கேட்கிறேன்."

மேஜர் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு அது தெரியாது, அகிலன். என்னை நம்பலாமா என்று நான் எப்படிச் சொல்ல? அதை நம்பினவர்களிடம்தான் கேட்க வேண்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

"நான் நம்பினனான்" என்று மகனிடம் தமிழில் சொன்னேன். "முதல் நாளே நம்பினனான். உன்னைத் தூக்கி அவரின்ர கையில குடுத்தனான். ஆமிக்காரர் எண்டு தெரிஞ்ச பிறகுதான் குடுத்தனான்."

அகிலனுக்கு இது தெரியாது. நான் அவனுக்குச் சப்பாத்துக் கால்களின் கதையைச் சொல்லி வளர்த்தேன். இந்தக் கதையைச் சொல்ல வாய்ப்பு வரவில்லை. அவன் மேஜரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு இடியப்பத் தட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"என்ன சொன்னீர்கள்?" என்று மேஜர் கேட்டார்.

"பிள்ளை சாப்பிடவில்லை, அதைச் சொன்னேன்" என்றேன்.

மாலையில் ரூத் மேஜரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். இருவரும் ஏதோ வாக்குவாதப்பட்டுக்கொண்டே போனார்கள். கண்ணாடிக்குள் மேஜரின் கை மேலும் கீழும் ஆடியது. அகிலன் எங்களோடு ரயிலில் வந்தான். வழியில், எட்மண்டனில் கவுன்சில் தேர்தலுக்குத் தன் பெயரைக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். ரூத்தின் கட்சிதான்.

"அம்மா, அங்க கொஞ்சம் தமிழ் வீடுகள் இருக்கு. கதவு தட்ட வருவீங்களா?"

"வாறன். ஆனா கதைக்கிறது நீதான். நான் பின்னுக்கு நிப்பன்."

ரவி ஜன்னலைப் பார்த்தபடி, "உன்ர கொம்மா பின்னுக்கு நிண்டதை நான் இன்னும் காணேல்லை" என்றார்.

6

போன சனிக்கிழமை எட்மண்டனுக்குப் போனேன். நல்ல வெயில். அகிலன் புதிய மேலங்கி போட்டிருந்தான். தமிழில் என்ன சொல்வது என்று வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தான். நான் திருத்தவில்லை.

முதல் வீட்டின் பெயர்ப் பலகையைப் பார்த்து, "இது நம்ம ஆட்கள்" என்றான். மணியை அடித்தான். உள்ளே வெங்காயம் தாளிக்கும் மணம். என் வயதுள்ள ஒரு பெண், கையைத் துடைத்துக்கொண்டே கதவைத் திறந்தார். யாழ்ப்பாண முகம். என்னைக் கண்டதும் தலையாட்டினார். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அகிலன் நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்:

"வணக்கம் அன்ரி. நான் அகிலன். நான் இங்க நிக்கிறன்."

தேர்தலில் என்ற சொல் மட்டும் அவனுக்குத் தவறிப்போய்விட்டது.

அந்தப் பெண் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதவை அகலத் திறந்தார்.

"ஏன் ராசா வெளியில நிக்கிறீர்? அம்மாவையும் கூட்டிக்கொண்டு உள்ள வாரும். தேத்தண்ணி போடுறன்."